நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர்

கப்பலில் இருந்து
9 ஏப்ரல் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

ஏறி எட்டு நாள் ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறேன். இருபத்தாறு ஆம்பளைகள் அக்கா, விடிவதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். பெரிய சமையல்காரர் ஆர்வில் முட்டையைக்கூட என்னிடம் நம்பித் தரமாட்டேன் என்கிறார். உருளைக்கிழங்கு உரிக்க மட்டும் என்னைவிடக் கெட்டிக்காரி எங்கள் கப்பல் ஓடும் இந்த ஐந்து ஏரிகளிலும் கிடையாதாம்.

நான் பஸ் ஏறியபோது வில்மா அழவே இல்லை. உன் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு பிஸ்கட் தின்றாள். எல்லாரும் அதை நல்லது என்றார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இருபத்திரண்டு மாதம் தூக்கி வளர்த்தவள் போகிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாமா?

இரண்டு காரியம் சொல்கிறேன், தவறாமல் செய். ஒன்று, தினமும் காலையில் அவள் சாப்பிடும்போது என் படத்தைக் காட்டி "அம்மா" என்று சொல். இரண்டு, சர்ச் அடித்தளத்தில் சின்னப் பிள்ளைகள் விளையாட டிராப்-இன் நடக்கிறதே, செவ்வாயும் வியாழனும், அங்கே அவளைக் கூட்டிக்கொண்டு போ. உன் வீட்டில் நீயும் அத்தானும் அந்தக் கிழட்டுப் பூனையும்தான். பிள்ளை மற்றப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டாமா? "எனக்குக் கூச்சமா இருக்கும்டி" என்று ஆரம்பிக்காதே. காசு கேட்க மாட்டார்கள், முன்கூட்டிப் பெயர் கொடுக்கவும் வேண்டாம். போய்க் கம்பளத்தில் உட்கார், அவ்வளவுதான்.

டெட்ராய்ட் பக்கம் போகும்போது ஒரு சின்னப் படகு கப்பலோடு ஒட்டி வரும். கயிற்றில் வாளி இறக்கினால் அதில் தபாலைப் போடுவார்கள். அந்த வாளியில் உன் கடிதம் இல்லாமல் போனால் பார்த்துக்கொள்.

உன் தங்கை
ஐரீன்

*

போர்ட் கோல்போர்ன்
28 ஏப்ரல் 1991

என் ஐரீனுக்கு,

நீ விரட்டினாயே என்று போனேன். மூன்று தரம் படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டு, நாலாவது தரம்தான் இறங்கினேன். ஒரு சுவர் நெடுகத் தள்ளுவண்டிகள். உள்ளே நுழைந்தாலே பிள்ளைகள் பிசைந்து விளையாடுகிற மாவு வாசனை, ஈரக் கோட்டு வாசனை. நடத்துகிறவள் பெயர் பெவ். குரல் இருக்கிறதே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அங்கே ஒரே ஒரு கண்டிப்பு. பிள்ளையை விட்டுவிட்டுப் பெரியவர் போகக் கூடாது, பிள்ளை இல்லாமல் பெரியவர் வரவும் கூடாது. மற்றபடி நம் இஷ்டம். வில்மா முதல் நாள் என் பாவாடையை விடவில்லை. இப்போது மணல் தொட்டியில் ஒரு பையனிடம் சண்டை போட்டு வாளியைப் பிடுங்குகிறாள். உன் மகள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

கடைசியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளை பேராகச் சொல்லி, யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று பாடுவார்கள். வில்மாவுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர்.

எல்லாரும் உன் வயசுப் பெண்கள், ஐரீன். நாற்பத்தொரு வயசில் கம்பளத்தில் கால் மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பாடாய்ப் படுகிறேன். ஆனாலும் எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, பல் முளைக்கும்போது நீ என்ன செய்தாய் என்று என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம் யாருமே எதுவும் கேட்டதில்லையே. நான் கசகசா ரொட்டி செய்து எடுத்துப் போனேன், தட்டைத் துடைத்து வைத்துவிட்டார்கள்.

பெவ் எடுத்த படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். வில்மாவுக்குக் கன்னம் உப்பியிருக்கிறது, பார்.

அக்கா
மார்கிட்

*

கப்பலில் இருந்து
24 மே 1991

மார்கிட்,

படம் கிடைத்தது. சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். கன்னத்தைத்தான் பார்த்தேன், மூன்று நாள் கன்னத்தை மட்டும்தான் பார்த்தேன். நேற்று ஆர்வில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இதென்ன, இந்தம்மா நெஞ்சுல ஏதோ ஒட்டியிருக்கே?" என்றார். மேலே போய் வரைபடம் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கி வந்து பார்த்தேன்.

"வில்மாவின் அம்மா."

கொட்டை எழுத்தில், பச்சை மையில். உன் நெஞ்சில்.

நான் இருபத்தாறு பேருக்குத் தட்டுக் கழுவிக்கொண்டு இருக்கிறேன். நீ அங்கே என் பெயரை ஒட்டிக்கொண்டு காப்பி குடிக்கிறாய்! பாட்டில் யாரோடு வீட்டுக்குப் போவதாகப் பாடுகிறார்கள்? சொல். வாரம் இரண்டு தரம் என் பிள்ளை காதில் என்னவென்று பாடுகிறார்கள்?

இதற்குப் பதில் வராமல் எனக்குத் தூக்கம் வராது.

ஐரீன்

*

போர்ட் கோல்போர்ன்
9 ஜூன் 1991

ஐரீனுக்கு,

கோபப்படு. உனக்கு இல்லாத உரிமையா? நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் திட்டு.

முதல் நாள் வாசலில் ஒரு மேஜை. பெவ் மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். "குட்டி பேரு என்ன?" என்றாள். வில்மா என்றேன். என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'வில்மாவின் அம்மா' என்று எழுதி உரித்து என் கோட்டில் ஒட்டிவிட்டாள். பின்னால் ஆறு தள்ளுவண்டி நிற்கிறது. நான் நகர்ந்து வழி விட்டேன். வியாழக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை அவளே பேர் சொல்லிக் கூப்பிட்டு, "வாங்க வில்மா அம்மா" என்றாள். அந்தச் சத்தம் கேட்க எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ தினமும் கேட்டவள்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யார் வாயிலிருந்தாவது கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அங்கே பெண்கள் பிரசவக் கதை சொல்வார்கள். டெனிஸ் என்று ஒருத்தி, பக்கத்தில் உட்காருவாள், "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் சொன்னேன். பத்தொன்பது மணி நேரம், மழை கொட்டிக்கொண்டிருந்தது, நர்ஸ் இடுப்பைப் பிடித்துவிட்டாள், கடைசியில் கத்தியதில் தொண்டை கட்டிப்போனது. எல்லாம் உன்னுடையது. நான்தானே அங்கே உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு மூன்று முறை வயிறு நிறைந்து மூன்று முறையும் ஒன்றுமில்லாமல் போனது உனக்குத் தெரியும். அதை அந்த வட்டத்தில் எப்படிச் சொல்வது? உன்மேல் எனக்குப் பொறாமை, ஐரீன். நீ வேண்டாம் வேண்டாம் என்று அழுதுகொண்டே சுமந்தாய், உனக்குத் தங்கியது. ஓடிப்போனவன் பிள்ளை, ஆனாலும் பிள்ளை. வாரத்தில் நாலு மணி நேரம் நானும் ஒருத்தியாக இருந்து பார்த்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பாட்டில் அம்மாவோடு என்றுதான் பாடுகிறார்கள். மாற்றிவிடுகிறேன். கொஞ்சம் நாள் கொடு.

மார்கிட்

*

கப்பலில் இருந்து
1 ஜூலை 1991

மார்கிட்,

என் வலியைக்கூட விட்டுவைக்கவில்லையா நீ? ஓடிப்போனவன் பேச்சை எடுத்தாயே, நன்றாக இருக்கிறது. மற்றதற்கு இப்போது பதில் எழுதினால் காகிதம் தாங்காது.

ஒரே விஷயம். இந்த வருஷத்தில் ஒரே ஒரு தரம் தானியம் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகிறோம், நம் ஊர்க் கால்வாய் வழியாக. ஜூலை பதினெட்டு, வியாழன், காலை பத்து மணிவாக்கில் கப்பலை நிறுத்தித் தண்ணீரை ஏற்றி இறக்குவார்களே, அந்த எட்டாம் மதகில் நிற்போம். கப்பல் வந்தால் பெவ் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவாள் என்று ஊருக்கே தெரியும். வில்மாவைக் கூட்டிக்கொண்டு வா. அன்றைக்கு உன் நெஞ்சில் அந்த ஸ்டிக்கர் இருக்கக் கூடாது.

ஐரீன்

*

(தபால் அட்டை)
போர்ட் கோல்போர்ன்
9 ஜூலை 1991

வருகிறோம். டிராப்-இன் முழுக்க வருகிறது. வில்மாவுக்கு மஞ்சள் சட்டை போட்டுவிடுகிறேன், தூரத்திலிருந்தே தெரியும்.

மா.

*

கப்பலில் இருந்து
19 ஜூலை 1991

மார்கிட்,

நேற்று நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது பார்.

ஆர்வில் எனக்கு அரை மணி நேரம் விடுப்புக் கொடுத்தார். வெள்ளை ஏப்ரனைத் துவைத்துப் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நின்றேன். அந்த மதகில் தண்ணீர் கொஞ்சம்தான் ஏறி இறங்கும், கப்பல் தளமும் கரையும் கிட்டத்தட்டச் சமம். நாலு முழம் தள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பிள்ளைகள். மஞ்சள் சட்டை. என்ன உயரமாகிவிட்டாள்!

"வில்மா! அம்மாடி!" என்றேன். என்னைப் பார்த்தாள். ஏப்ரன் போட்ட யாரோ கத்துகிறாளே என்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் திரும்பி உன் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, தூக்கு" என்றாள். தெளிவாக. கப்பல் எஞ்சின் சத்தத்தில்கூடக் கேட்டது.

உன் நெஞ்சில் அந்தப் பச்சை எழுத்து அப்படியே இருந்தது.

தங்கை வருகிறாள் என்று நீ சொல்லி வைத்திருந்தாய் போல. அப்போதுதான் உன் பெவ் ஒலிபெருக்கித் தொண்டையில், "ஹலோ! நீங்கதான் வில்மாவோட சித்தியா? சாயல் அப்படியே இருக்கு!" என்றாள். முப்பது பேர் என்னைப் பார்க்கிறார்கள். நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு வார்த்தை போதும், உன்னை அந்த வேலியோரமே நிர்வாணமாக நிறுத்தியிருப்பேன்.

"ஆமா, சித்திதான்" என்றேன்.

என் வாயால் சொன்னேன். பத்தொன்பது மணி நேரம் கத்திய அதே வாயால். உள்ளே போய்க் குளிர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டுத் தொடைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன், அக்கா. இனி என் பிள்ளையை நீ காப்பாற்றித் தர வேண்டும்.

ஐரீன்

*

போர்ட் கோல்போர்ன்
8 ஆகஸ்ட் 1991

என் ஐரீனுக்கு,

செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன்.

பாட்டு வட்டம் வந்தது. "வில்மா வீட்டுக்குப் போறா, அம்மாவோட போறா" என்று ஆரம்பித்தார்கள். நான் கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "நான் அவ அம்மா இல்ல. பெரியம்மா. கப்பல்ல பார்த்தீங்களே ஏப்ரன் போட்டுக்கிட்டு, அவதான் அம்மா. பிரசவக் கதையும் அவளோடதுதான்" என்றேன். பாட்டு நின்றுவிட்டது. ஒரு குழந்தை மட்டும் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டே இருந்தது.

பெவ் எழுந்து வந்தாள். வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று கைப்பையை எடுத்துவிட்டேன். அவள் என் நெஞ்சிலிருந்ததை உரித்து, புதிதாக ஒன்று எழுதி ஒட்டினாள். "பெரியவங்க யாரா இருந்தாலும் சரி, கூட ஒரு குழந்தை வேணும், அதான் இங்க ரூல். உக்காருங்க" என்றாள். டெனிஸ் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். "உங்க பிரசவக் கதையை நான் அழுதுட்டே கேட்டேன், தெரியுமா?" என்றாள்.

அப்புறம் "பெரியம்மாவோட போறா" என்று பாடினார்கள். வில்மா அலறிவிட்டாள். தன் பாட்டைத் தப்பாகப் பாடுகிறார்கள் என்று அழுகை. வீடு வரைக்கும் அழுதாள். இதுவும் நான் செய்ததுதான். தினமும் உன் படத்தைக் காட்டுகிறேன். ஏப்ரலிலிருந்தே காட்டிக்கொண்டுதான் இருந்தேன், அதை மட்டும் நம்பு.

மார்கிட்

*

போர்ட் கோல்போர்ன், கிளாரன்ஸ் தெரு
17 ஜனவரி 1992

அக்கா,

ஆறு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் கத்திவிடுவேன், அதனால்தான்.

கப்பலை விட்டு இறங்கிப் பிள்ளையைக் கூட்டி வந்து மூன்று வாரம். அம்மா என்கிறாள், சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற மாதிரி. தட்டில் நான் வைப்பதைத் தின்கிறாள். கதவு தட்டினால் மட்டும் எழுந்து ஓடுகிறாள், நீ வந்திருப்பாய் என்று. நீ வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

நேற்று டிராப்-இன் போனோம். 'வில்மாவின் அம்மா' என்று பெவ் எழுதி ஒட்டினாள். எட்டு மாதமாக எதற்காக வயிறெரிந்தேனோ அது என் நெஞ்சில். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. கசகசா ரொட்டி கொண்டுவருகிறவங்க எங்கே என்று நாலு பேர் கேட்டார்கள், அந்த டெனிஸ் உட்பட. பாட்டு வந்ததும் வில்மா வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தால் எதிர்ச்சாரியில் தபால் பெட்டி ஓரமாக நீ. கையில் ஒரு கடிதம்கூட இல்லை. எங்களைப் பார்த்ததும் பெட்டிக்குள் கையை விட்டு என்னமோ போடுகிற மாதிரி செய்தாய். பிள்ளை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளையை நான் எடுத்துக்கொண்டது நியாயம். உன் சிநேகிதிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது.

பாவம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, என் பிள்ளை உன்னைப் பார்த்துக் கை நீட்டியதைப் பார்த்துப் பாவமெல்லாம் போய்விட்டது. நான் நல்லவள் இல்லை அக்கா.

அடுத்த வியாழன் எனக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும். பிள்ளையை டிராப்-இன் கூட்டிப்போக ஆள் இல்லை.

ஐரீன்

*

18 ஜனவரி 1992

ஐரீன்,

உன் பல்லுக்கு என்னடி கேடு? முப்பத்திரண்டும் இரும்பு மாதிரி இருக்குமே.

ஒன்பதரைக்கு வருகிறேன். ஸ்டிக்கரில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

*

கப்பலில் இருந்து
31 மார்ச் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் உருளைக்கிழங்கு. ஆர்வில் இந்த வருஷம் முட்டையைக் கொடுத்துவிட்டார். ஊரில் எத்தனை கதவு தட்டினேன், ஒருவரும் வேலை தரவில்லை என்பது உனக்கே தெரியும். இல்லாவிட்டால் அவளை மறுபடியும் உன்னிடம் விட்டிருப்பேனா? இந்தத் தரம் பஸ் ஏறும்போது வில்மா அழுதாள், பார்த்தாயா? உன் இடுப்பில் இருந்து என் பக்கம் தாவி அழுதாள். நான் பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இப்போது சொல்கிறேன். உன் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு கவர் வைத்துவிட்டு வந்தேன். அதில் எழுபத்தாறு ஸ்டிக்கர் இருக்கிறது. பெவ்விடம் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதினேன், 'வில்மாவின் பெரியம்மா' என்று. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒவ்வொரு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் கணக்குச் சரியாக இருக்கும். வேறு யார் எழுதியதையும் நீ ஒட்டக் கூடாது. பெவ் பேனாவை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்.

அடியில் எழுபத்தேழாவதாக ஒன்று இருக்கும். அது 'வில்மாவின் அம்மா'. அது என்னுடையது. நான் இறங்கி வந்து ஒட்டிக்கொள்வேன். அதைத் தொடாதே.

சந்தேகம் என்று வைத்துக்கொள், பொறாமை என்று வைத்துக்கொள். எனக்கு ஒளிக்கத் தெரியாது.

ஐரீன்

*

போர்ட் கோல்போர்ன்
12 ஏப்ரல் 1992

என் ஐரீனுக்கு,

கவர் கிடைத்தது. உன் எழுத்து இவ்வளவு மோசம் என்று மறந்திருந்தேன். பெவ் பேனாவை எடுத்தாள், "வேணாம், நான் கையோட கொண்டு வந்துட்டேன்" என்றேன். டெனிஸ் சிரித்தாள். இப்போது மறுபடியும் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். பிரசவக் கதை மட்டும் கேட்பதில்லை.

பெவ் இந்த வருஷம் பாட்டைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறாள். யாரோடு போகிறாய் என்று பிள்ளையிடமே கேட்கிறாள். போன செவ்வாய் "வில்மா யாரோட வீட்டுக்குப் போறா?" என்றாள். உன் மகள் எழுந்து நின்று, "பெரியம்மாவோட! எங்கம்மா கப்பல்ல முட்டை பொரிக்கிறா!" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு வயிறு எரிந்தது, ஐரீன். எரிந்துகொண்டேதான் தட்டினேன்.

ஜூலையில் கப்பல் இந்தப் பக்கம் வருமா என்று கேட்டு எழுது. மஞ்சள் சட்டை சின்னதாகிவிட்டது, வேறு தைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. டிசம்பரில் நீ வந்து அந்த எழுபத்தேழாவதை எடுத்துப் பார்ப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கவரைப் பிரித்த அன்றைக்கு, வில்மா பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, அதை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, பின்பக்கக் காகிதத்தைக்கூட உரிக்கவில்லை. சும்மா வைத்துப் பார்த்தேன். அப்புறம் அடியிலேயே வைத்துவிட்டேன்.

ஒரு ஓரம் கொஞ்சம் மடங்கியிருக்கும். அது நான்தான்.

அக்கா
மார்கிட்